விஞ்ஞான பாடம் வெயிலுக்கும் வரவேண்டும்

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

கல்விப் பொதுத் தராதர (க.பொ.த.) சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும்போதெல்லாம் வட மாகாணத்து வன்னி மாணவர்கள் விஞ்ஞான பாடத்தில் பின்தங்கி நிற்பது பற்றிய கவலை பத்திரிகைகளில் எழுகிறது. பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் நகரை அண்டிய பாடசாலைகளிலேயே தங்கிவிடுவதும், உட்கிராமப் பாடசாலைகளுக்கு நியமனம் பெறுவோர் இடமாற்றத்துக்காகக் காத்திருப்பதும், பேருந்து ஓடாத வீதிகளும், குறைபட்ட ஆய்வுகூடங்களும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இவற்றில் எதையும் மறுக்க நான் முன்வரவில்லை. ஆயினும் இந்தப் பட்டியலில் இடம்பெறாத ஒரு காரணமும் உண்டு; அதைச் சீர்செய்யப் பெரும் பணமோ புதிய கட்டடமோ தேவையில்லை. வயலும் குளமும் காடும் கடலும் சூழ்ந்த ஒரு பிரதேசத்தில், பிள்ளைகள் கண்ணால் காணாமலும் கையால் தொடாமலும், கரும்பலகையிலிருந்து கொப்பிக்கு எழுதி எடுக்கும் பாடமாக விஞ்ஞானத்தை நாம் ஆக்கி வைத்திருக்கிறோம். அது பற்றியே இக்கடிதம்.

நான் பாடசாலை ஆசிரியன் அல்லன். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் விவசாயப் போதனாசிரியராகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவன். கடமைக்காலத்தில் பாடசாலைத் தோட்டங்கள் தொடர்பாகவும் விவசாய தின நிகழ்வுகளுக்காகவும் பல பாடசாலைகளுக்குச் சென்று வந்திருக்கிறேன். அப்படிச் சென்ற ஒரு பாடசாலையில், வேலிக்கு அப்பால் காலபோக (மாரிப்போக) நெல் கதிர்தள்ளி நின்ற நேரத்தில், எட்டாம் தர மாணவர்கள் பூச்சிகளின் வாழ்க்கை வட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறையுடலி என்று நான்கு பெட்டிகளும் அவற்றைச் சுற்றிய அம்புக்குறிகளும் எல்லாக் கொப்பிகளிலும் ஒரே நிறத்தில் இருந்தன. வெளியே வயலில் என்ன பூச்சி இருக்கிறது என்று பொதுவாகக் கேட்டேன். வகுப்பு அமைதியாக இருந்தது. பின்வாங்கில் இருந்த ஒரு சிறுவன் மட்டும், அறக்கொட்டி விழுந்திருக்கிறது என்றும், அது மேல் இலையில் இராது, தண்ணீரை ஒட்டிய அடித்தண்டில்தான் இருக்கும் என்றும், பயிரைத் தட்டினால் நீரில் விழுந்து மிதக்கும் என்றும், சின்னதற்குச் செட்டை இல்லை என்றும் சொன்னான். அவனுடைய கொப்பியைப் பார்த்தேன். ஆசிரியர் இட்ட சிவப்புக் கோடுகள் நிறைய இருந்தன; படத்தில் அம்புக்குறியை மாற்றிப் போட்டிருந்தான்.

அந்தச் சிறுவன் சொன்னது முழுமையான அவதானிப்பு. அறக்கொட்டி என்று அவன் சொன்ன கபிலநிறத் தத்திக்குக் கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. முட்டையிலிருந்து வெளிவரும் அணங்கு என்ற இளம் பருவம், தாயைப் போன்ற உருவத்தோடு, செட்டையில்லாமல், பல தடவை தோலுரித்து வளர்கிறது. எல்லாப் பூச்சிகளுக்கும் நான்கு பருவங்கள் இல்லை என்ற நிறையில் உருமாற்றப் பாடத்தை அவன் தகப்பனோடு வரம்பில் நின்று கண்டறிந்திருக்கிறான். ஆனால் தான் கண்டது விஞ்ஞானம் என்று அவனுக்கு எவரும் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கு வகுப்பில் இடமும் இருக்கவில்லை. இதற்காக அந்த ஆசிரியரைக் குறைசொல்வது நியாயமாகாது. பாடத்திட்டம் முடிந்ததா, தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் தயாரா என்றுதான் அவரிடம் கேட்கிறார்கள். பிள்ளைகளோடு வயலுக்குப் போனீரா என்று எவர் கேட்கிறார்?

இதே பிள்ளைகளின் தாய் தந்தையருக்கு நாங்கள் கற்பித்த விதம் முற்றிலும் வேறானது என்பதே எனக்கு ஆச்சரியம் தருகிறது. இந்தோனேசியாவில் நெல்லுக்குக் கண்டபடி நாசினி தெளித்ததால், தத்திகளை உண்ணும் சிலந்திகளும் பிற பூச்சிகளும் அழிந்து, தத்திகள் பன்மடங்கு பெருகி, பயிர் எரிந்தது போலப் பெருமளவில் காய்ந்துபோனது. 1986 இல் அந்நாட்டு அரசு நெல்லுக்குப் பயன்படுத்தப்பட்ட 57 வகை நாசினிகளைத் தடைசெய்தது. தடை மட்டும் போதாது, விவசாயி தானே வயலைப் பார்த்து முடிவெடுக்கப் பழகவேண்டும் என்ற நோக்கில் 1989 இல் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனத்தின் துணையோடு அங்கே வயற்பாடசாலைகள் தொடங்கப்பட்டன. பின்னர் எமது விவசாயத் திணைக்களமும் ஒருங்கிணைந்த பீடை முகாமைத்துவத்தின் கீழ் அந்த முறையைக் கைக்கொண்டது.

வயற்பாடசாலையில் விரிவுரை கிடையாது. விதைப்பிலிருந்து அறுவடை வரை வாரம் ஒருமுறை காலையில் விவசாயிகள் சிறு குழுக்களாக வயலில் இறங்குவார்கள். சில பயிர்களைத் தெரிந்தெடுத்து, மட்டம் (பக்கத்தண்டு) எத்தனை, இலையின் நிறம் என்ன, நீர் எந்த உயரத்தில் நிற்கிறது, எந்தப் பூச்சி எத்தனை, அதைத் தின்னும் பூச்சி எத்தனை என்று எண்ணிக் குறிப்பார்கள். பின்னர் மரநிழலில் இருந்து, பெரிய தாளொன்றில் பயிரை நடுவில் வரைந்து, தீமை செய்யும் பூச்சிகளை ஒரு பக்கமும் நன்மை செய்பவற்றை மறுபக்கமும் வரைந்து, இந்த வாரம் மருந்து அடிக்கவேண்டுமா இல்லையா என்று வாதாடுவார்கள். போதனாசிரியர் விடை சொல்லக்கூடாது என்பது முறை. "இது என்ன பூச்சி ஐயா?" என்று கேட்டால், "நீங்கள் இதை எங்கே கண்டீர்கள், என்ன செய்துகொண்டிருந்தது?" என்று திருப்பிக் கேட்கவேண்டும். பழக்கமில்லாதவருக்கு இது மிகவும் கடினம். தெரிந்த விடையை வாய்க்குள் அடக்கி வைத்திருப்பது எல்லாப் போதனாசிரியர்க்கும் இலேசில் வருவதில்லை.

வயற்பாடசாலைகளில் பூச்சிக்கூடு என்ற ஓர் ஏற்பாடு உண்டு. சட்டியில் நட்ட ஒரு நெற்பயிரை மெல்லிய வலைத்துணியால் மூடி, உள்ளே எண்ணி விட்ட தத்திகளோடு ஓர் ஓநாய்ச் சிலந்தியையும் விடுவார்கள். அருகில் சிலந்தி இல்லாத இன்னொரு சட்டி இருக்கும். மறுநாள் திறந்து எண்ணுவார்கள். இந்தச் சிலந்தி ஒரு நாளில் 5 முதல் 15 வரையான இரைகளைப் பிடிக்கக்கூடியது. பள்ளிக்கூடத்துக்கு அதிகம் போகாத, கையெழுத்து வைக்கவே தயங்கும் ஒரு மூத்த கமக்காரர், இரண்டு சட்டிகளையும் எண்ணி முடித்த பிறகு, "அப்ப நாங்கள் காசு குடுத்து மருந்து வாங்கிச் சிலந்தியைத்தான் கொன்றிருக்கிறம்" என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. ஒப்பீட்டுச் சட்டி ஏன் வைக்கவேண்டும் என்பதை அவருக்கு எவரும் விளக்கவில்லை. கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்ற சொல்லை அவர் கேட்டதும் இல்லை. அவருடைய பேரப்பிள்ளைக்கு அந்தச் சொல் தெரியும், வரைவிலக்கணமும் தெரியும், ஒரு கட்டுப்பாட்டுப் பரிசோதனையை அவன் செய்து பார்த்திருப்பானா என்பது எனக்குச் சந்தேகம்.

வளர்ந்தவர்களுக்குப் பலன் தந்த முறை பிள்ளைகளுக்கு ஏன் மறுக்கப்படுகிறது? எமது கலைத்திட்டம் இதைத் தடுக்கவில்லை. 2007 இல் அறிமுகமான தேர்ச்சிமையக் கலைத்திட்டமே மாணவரை ஆராய்ச்சியில் ஈடுபடுத்தி, அவர்கள் கண்டதிலிருந்து விளக்கத்துக்குச் செல்லவேண்டும் என்று கூறுகிறது. ஆரம்பப் பிரிவில் சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்று ஒரு பாடமே இருக்கிறது. தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளைப் புரட்டினால் செயற்பாடுகளுக்குக் குறைவில்லை. அந்தச் செயற்பாடுகள் வகுப்புக்கு வரும்போது, "செயற்பாடு 3.2: நோக்கம், தேவையான பொருட்கள், முறை, அவதானம், முடிவு" என்று எழுதுவித்து விடுகிறார்கள். செய்யாத பரிசோதனைக்கு அவதானமும் முடிவும் கொப்பியில் இருக்கின்றன. இதற்கு விஞ்ஞானம் என்று பெயர் வைப்பதிலும் பார்க்க வேறு ஏதாவது பெயர் வைக்கலாம்.

விலை கொடுத்து வாங்கவேண்டிய கருவி எதுவும் இல்லாமலே வன்னிப் பாடசாலையில் செய்யக்கூடியவை எத்தனையோ உண்டு. பனை ஒன்றே போதும். ஆவணி, புரட்டாதியில் விழும் பனம்பழத்தின் கொட்டைகளைப் பாத்தியில் அடுக்குகிறோம். சில வாரங்கள் கழித்து முளைவிட்ட கொட்டையொன்றைக் கத்தியால் பிளந்தால் உள்ளே வெண்மையான, பஞ்சு போன்ற, இனிப்பான பூரான் இருக்கும். வன்னியில் பூரான் தின்னாத பிள்ளையைத் தேடிப்பிடிக்கவேண்டும். ஆனால் அந்தப் பூரான், வித்திலையின் நுனிப்பகுதி உறிஞ்சும் உறுப்பாகப் பருத்து, கொட்டையின் உட்சுவரில் இருக்கும் கடினமான வித்தகவிழையமாகிய சேமிப்புணவைக் கரைத்து உறிஞ்சி, கீழே இறங்கும் முளைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் நிலை என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? வாரம் ஒரு கொட்டையாகப் பிளந்து, ஓட்டோடு ஒட்டிய கடினமான பகுதி எவ்வளவு மெலிந்திருக்கிறது, நடுவில் பூரான் எவ்வளவு பெருத்திருக்கிறது, முளை எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அளந்து வரைபு கீறினால், ஒருவித்திலைத் தாவரத்தின் முளைத்தல் என்ற அலகு அங்கேயே முடிந்துவிடும். தை, மாசியில் கிழங்கு கிண்டும்போது வெறும் ஓடான ஊமல் மட்டும் மிஞ்சுவது ஏன் என்பதைப் பிள்ளைகள் தாங்களே சொல்வார்கள். பாடம் முடிந்து மிஞ்சிய பூரானை யார் தின்பது என்பதில் மட்டும் கொஞ்சம் ஒழுங்கு பேணவேண்டியிருக்கும்.

மழையை எடுத்துக்கொள்வோம். வாய்ப்பகுதி வெட்டிய ஒரு பிளாஸ்ரிக் போத்தலும் அடிமட்டமும் இருந்தால் மழைமானி தயார். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள போத்தலாக இருக்கவேண்டும் என்பதை மட்டும் கவனித்தால் சரி. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு லீற்றர் நீர் என்ற கணக்கு தெரிந்த பிள்ளைக்கு, இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்ற செய்தி வெறும் செய்தியாக இராது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையை எங்கள் கிராமத்துப் பாடசாலைகளில் எத்தனை, தம் முற்றத்தில் தாமே அளந்து பதிந்திருக்கும்? ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்து எழுதப்படும் அப்படியொரு பதிவேடு, கமக்காரர் அமைப்புக்கும் நீர்ப்பாசனப் பொறியியலாளருக்கும் கூடப் பயன்படும்.

இன்னொன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அது ஆண்டுதோறும் எங்கள் தலைக்கு மேலேயே நடக்கிறது. சூரியன் வடக்கு நோக்கி நகரும் காலத்தில் ஏப்ரல் 5 தொடக்கம் 15 வரையான நாட்களில் இலங்கையின் ஒவ்வோர் ஊருக்கும் நேர் உச்சியில் வருகிறது. வளிமண்டலவியல் திணைக்களம் ஊர்ப்பெயர்களோடு அறிவித்தல் விடுக்கும். நாங்கள் வெப்பத்தைப் பற்றி அலுத்துக்கொள்வதோடு விட்டுவிடுவோம். வவுனியாவில் ஏப்ரல் 12 ஐ ஒட்டியும், கிளிநொச்சியில் 13, 14 ஐ ஒட்டியும், அதாவது சித்திரை வருடப் பிறப்பன்று அல்லது அதற்கு முதல்நாள், நிலைக்குத்தாக நட்ட தடிக்கு நண்பகலில் நிழல் இல்லாமற் போகிறது. பாடசாலை விடுமுறை என்றாலும் குறையில்லை. வீட்டு முற்றமே போதும். ஒரு மீற்றர் நீளமான நேரான தடி, அதைச் செங்குத்தாக்கத் தூக்குக்குண்டாக நூலில் கட்டிய ஒரு கல், நிழலின் நுனியைக் குறிக்கச் சில குச்சிகள். முற்பகல் பதினொன்றரையிலிருந்து குறித்துக்கொண்டு வந்தால் நிழல் சுருங்கிச் சுருங்கி வருவதைக் காணலாம். அது மிகக் குறுகுவது 12 மணிக்கு அல்ல, 12 மணி 9 நிமிடத்தை அண்மித்து. மணிக்கூடு பிழையா என்று பிள்ளை நிச்சயம் கேட்கும். இலங்கை நேரம் கிழக்கு நெட்டாங்கு 82.5 பாகைக்கு உரியது, நாங்கள் இருப்பதோ ஏறத்தாழ 80.4 பாகையில், ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்குப் பார்த்தால் வேறுபாட்டின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

அதே நாளில், அதே நண்பகலில், மாத்தறையில் உள்ள ஒரு பாடசாலைப் பிள்ளை தன் முற்றத்தில் ஒரு மீற்றர் தடியை நட்டால், அங்கே ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் நிழல் தெற்கு நோக்கி விழும். அதைக் கோணமாக்கினால் 3.4 பாகை. கிளிநொச்சிக்கும் மாத்தறைக்கும் இடையே வடக்குத் தெற்காக உள்ள தூரம் ஏறத்தாழ 380 கிலோமீற்றர். 3.4 பாகைக்கு 380 கிலோமீற்றர் என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? ஏழாம் எட்டாம் தரக் கணக்கு. விடை 40,000 கிலோமீற்றரை அண்டி வரும். பூமியின் சுற்றளவும் அதுதான். கி.மு. 3 ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் எரற்றோஸ்தனீஸ் எகிப்தில் இருந்துகொண்டு கையாண்ட வழி இதுவே. வடக்கிலும் தெற்கிலும் உள்ள இரண்டு பாடசாலைகள் ஒரு தொலைபேசி அழைப்போடு இதைச் செய்துவிடலாம். சகவாழ்வுக்கென்று நடத்தப்படும் பல நிகழ்வுகளில் இரு பக்கத்துப் பிள்ளைகளும் மேடையில் நின்று படம் எடுத்துக்கொள்வதிலும் பார்க்க, ஒரே கணக்கை இருவரும் சேர்ந்து செய்வது எனக்கு மேலாகத் தோன்றுகிறது. ஏப்ரலைத் தவறவிட்டவர்களுக்கு ஓகஸ்ட் 29 ஐ ஒட்டி இன்னொரு வாய்ப்பும் உண்டு.

நுளம்பு பற்றியும் ஒரு வார்த்தை. வன்னி மலேரியாவால் நீண்டகாலம் வதைபட்ட மண். 2012 க்குப் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா நோயாளர் இல்லாத நிலையில், 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில், மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற, இந்நாட்டுக்குப் புதிய நுளம்பினம் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. கிணறுகளிலும் அது பெருகக்கூடியது. கண்ணாடிப் போத்தலில் எடுத்த நீரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், அனோபிலிஸ் குடம்பி நீர்மட்டத்துக்குச் சமாந்தரமாகப் படுத்திருப்பதையும், டெங்கு பரப்பும் ஈடிஸ் குடம்பி சுவாசக் குழாயை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்குவதையும் பத்து வயதுப் பிள்ளை வேறுபடுத்திவிடும். போத்தலின் வாயைத் துணியால் இறுகக் கட்டவேண்டும், பார்த்து முடிந்ததும் நீரை வெந்தரையில் ஊற்றிவிடவேண்டும். ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகரை ஒருநாள் பாடசாலைக்கு அழைத்தால், அவர் வழக்கமாகச் செய்யும் துண்டுப்பிரசுர விநியோகத்தை விட இது பயன்தரும்.

செயல்முறை என்ற பெயரில் நடக்கும் எல்லாவற்றையும் நான் ஆதரிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். விஞ்ஞானக் கண்காட்சிகளில் தவறாமல் ஓர் எரிமலை இருக்கும். ரெஜிபோமில் செய்து, வர்ணம் பூசி, அப்பச்சோடாவும் வினாகிரியும் ஊற்றிப் பொங்கவைப்பார்கள். பெரும்பாலும் தகப்பனோ மாமாவோ இரவிரவாக இருந்து செய்தது. வன்னியில் எரிமலை இல்லை; இலங்கையிலேயே இல்லை. அதே வினாகிரியை, அல்லது தேசிக்காய்ப் புளியை, சுண்ணக்கற் பகுதிக் கிணற்று நீர் கொதித்துக் கொதித்துக் கேத்திலின் அடியில் படிந்த வெள்ளைப் படிவில் விட்டால் அதுவும் நுரைக்கும். அங்கே வெளிவருவதும் காபனீரொட்சைட்டுத்தான். அது தன் வீட்டுக் கேத்தில், தான் குடிக்கும் நீர். எந்தக் கிணற்று நீர் கூடப் படிகிறது, எது குறைவாகப் படிகிறது என்று அயலில் உள்ள வீடுகளை ஒப்பிட்டால் அடுத்த கேள்வி தானாகவே வரும். பார்ப்பதற்கு முன் என்ன நடக்கும் என்று ஊகிப்பதும், பார்த்ததை அப்படியே எழுதுவதும், ஊகம் பிழைத்தால் அதை அழிக்காமல் வைத்திருப்பதும் இல்லாவிட்டால், கையால் செய்தாலும் அது கைவேலைதான்.

போரின்போது பொருளாதாரத் தடைக் காலத்தில் இந்த மண்ணில் இருந்தவர்களுக்கு நான் சொல்வது புதிதாக இராது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். சில துளி பெற்றோலில் மோட்டார் சைக்கிளை இயக்கி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதை எவரும் நூலில் படித்து அறியவில்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சில் ஊறிய கொஞ்ச மண்ணெண்ணெயில் ஒரு தலைமுறை படித்தது. அந்தக் காலத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. இல்லாமையால் வந்த கெட்டித்தனம் எந்தப் பிள்ளைக்கும் திரும்ப வேண்டாம். அந்தத் தலைமுறையினர் இப்போது பெற்றோராகவும் ஆசிரியராகவும் இருக்கிறார்கள். தங்கள் கையறிவைப் பிள்ளைகளுக்குக் காட்டத் தயங்கி, பாடநூலுக்கு வெளியே ஒன்றும் இல்லை என்பது போல நடந்துகொள்கிறார்கள் என்பதே என் மனக்குறை.

எதிர்வாதங்களை நான் அறியாதவன் அல்லன். முதலாவது, பிள்ளைகளின் பாதுகாப்பு. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. மிதிவெடி அகற்றும் பணி முற்றுப்பெறாத இடங்கள் வன்னியில் இன்னும் உண்டு. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகளை இன்னும் காண்கிறோம். யானையும் பாம்பும் வேறு. ஆகவே காட்டுக்குள் கூட்டிப் போகச் சொல்லி எவரையும் நான் கேட்கவில்லை. மேலே நான் சொன்னவற்றில் ஒன்றுக்குக்கூடப் பாடசாலை வளவு, அயல் வயல் வரம்பு, வீட்டு முற்றம் ஆகியவற்றைத் தாண்டவேண்டிய தேவை இல்லை. வளவுக்குள்ளேயே நிற்கும் ஒரு வேம்பையோ பாலையையோ ஆண்டு முழுவதும் பார்த்தால், இலை உதிர்வதும் துளிர்ப்பதும் பூப்பதும் எந்த மாதம், எந்தப் பூச்சி எப்போது வருகிறது என்று எழுத ஒரு கொப்பி போதாது.

இரண்டாவது, ஆய்வுகூடம். போருக்குப் பின் பல பாடசாலைகளில் ஆய்வுகூடங்கள் கட்டப்பட்டன, உபகரணங்களும் வந்தன. ஆனால் சில இடங்களில் நுணுக்குக்காட்டி இன்னும் பெட்டிக்குள் உறையோடு இருப்பதைக் கண்டிருக்கிறேன். ஒரு முகவை உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் யார் பதில் சொல்வது என்ற பயமே பூட்டின் திறப்பை வைத்திருக்கிறது. ஆண்டு இறுதிக் கணக்கெடுப்பில் எல்லாம் குறையாமல் இருந்தால் அது நல்ல பராமரிப்பு என்று பாராட்டப்படுகிறது. பிள்ளைகள் பயன்படுத்தும் ஆய்வுகூடத்தில் கண்ணாடி உடையத்தான் செய்யும். நியாயமான அளவு உடைவை ஆசிரியரின் தலையில் கட்டாமல் பதிவழிப்பதற்கு வலயக் கல்விப் பணிமனைகள் தெளிவான சுற்றறிக்கை ஒன்றை விடுத்தால், பல பூட்டுகள் அடுத்த நாளே திறக்கும்.

மூன்றாவதுதான் உண்மையான முட்டுக்கட்டை: பரீட்சை. சாதாரண தர விஞ்ஞானத்தில் 40 பல்தேர்வு வினாக்களும் எழுத்து வினாக்களும். உயர்தரத்தில் பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் மூன்றிலும் செய்முறைப் பரீட்சை இல்லை. செய்முறை பற்றிய கேள்விக்கும் எழுத்திலேயே விடை. ஆகவே செய்யாமலே விடை எழுதப் பழக்கும் தனியார் வகுப்பே கெட்டித்தனமான வழி என்று பெற்றோர் முடிவெடுத்தால் அவர்களில் பிழை காணமுடியாது. இதை மாற்றுவது கொழும்பின் வேலை. ஆனால் தவணைப் பரீட்சை வினாத்தாள் எங்கள் கையில் இருக்கிறது. அதில் ஒரு வினாவை, மாணவர் தம் சொந்த அவதானக் கொப்பியைத் திறந்து வைத்து, அதிலுள்ள தரவுகளைக் கொண்டு விடை எழுதும் விதமாக அமைக்கலாம். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுத முடியாத வினா அது. ஒவ்வொருவரின் மழையும் நிழலும் வேறு வேறு. பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் புள்ளியும் இப்போது போலக் கடைசி வாரத்தில் ஒரே இருப்பில் நிரப்பப்படாமல், அந்தக் கொப்பியிலிருந்தே வரலாம்.

இதற்கு ஆட்களும் இல்லாமல் இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் இருக்கின்றன. 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியிலிருந்து இளம் ஆசிரியர்கள் வருகிறார்கள். கமநல சேவை நிலையங்களிலும் நீர்ப்பாசனத் திணைக்களத்திலும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள். வாரத்தில் ஓர் இரட்டைப் பாடவேளையை வகுப்பறைக்கு வெளியே நடத்த அதிபர்களுக்கு வெளிப்படையான அனுமதி வழங்கப்படவேண்டும்; வயல் வரம்புக்குப் போவதற்குக்கூட வலயத்தின் முன்னனுமதி தேவை என்ற நிலை இருக்குமானால், எந்த ஆசிரியரும் அந்தச் சிரமத்தை எடுக்கமாட்டார். அழைத்தால் வருவதற்கு என் போன்ற ஓய்வுபெற்றவர்கள் பலர் இருக்கிறோம். போக்குவரத்துச் செலவும் கேட்கமாட்டோம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. தமிழ்ப் பத்திரிகைகள் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்களுக்கு வாராவாரம் பக்கங்களை ஒதுக்குகின்றன. அவற்றை வாங்கும் பெற்றோர் பலர் என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தின் ஒரு மூலையை, ஐப்பசி தொடக்கம் தை வரையான மாரி மாதங்களில், பாடசாலைகள் தாமே அளந்து அனுப்பும் மழைவீழ்ச்சிக்குத் தந்துதவுங்கள். பாடசாலையின் பெயர், தரம், அந்த வாரத்து மில்லிமீற்றர், அவ்வளவே. துணுக்காயிலும் ஒட்டுசுட்டானிலும் பூநகரியிலும் ஒரே நாளில் ஏன் வேறு வேறு அளவு என்று வாசகர் கடிதம் எழுதத் தொடங்கினால் அவற்றையும் பிரசுரியுங்கள். அடுத்த காலபோக விதைப்புக்கு முன் இதைத் தொடங்கமுடியுமானால், மழைமானி செய்யும் முறையைப் படத்தோடு எழுதி அனுப்ப நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்,
கிளிநொச்சி மாவட்டம்.